பழைய டில்லரிலும் சின்ன டிராக்டரிலும் பொழுதுபோக்கு உழவு: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகசூல் கணக்குக்காக உழுகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பத்து சென்ட், இருபது சென்ட் கொல்லை கையில் இருக்கிறது, பின்னால் நடந்து ஓட்டும் பழைய டில்லர் ஒன்று கொட்டகையில் நிற்கிறது, அதில் ஒற்றைக் கலப்பை மாட்டி சால் நூல் பிடித்த மாதிரி வருகிறதா என்று பார்க்க ஆசை என்பவர்களுக்காக எழுதியது. காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்துச் செம்மண்ணும், ஆற்காடு, வாலாஜா பக்கத்துக் கழனி மண்ணும் மனத்தில் இருக்கின்றன.

ரோட்டவேட்டர் விட்டால் அரை மணியில் முடியும். இது எதற்கு?

வேலை முடிய வேண்டுமென்றால் ரோட்டவேட்டரையே கூப்பிடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டினாலும் வாசல் நிறையும். கோலம் போடுகிறவர் போடத்தான் செய்கிறார்.

மண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. ரோட்டவேட்டர் மண்ணை இருந்த இடத்திலேயே கொத்திக் கலக்கும். மோல்டு போர்டு வைத்த இரும்புக் கலப்பை மண்ணைப் பட்டையாக அறுத்து, தூக்கி, வலப்பக்கம் கவிழ்த்துப் போடும். மேலே இருந்த புல் அடியில் போகும், அடியில் இருந்த கோரைக்கிழங்கு மேலே வந்து வெயிலில் காயும். ரோட்டவேட்டர் அதே கிழங்கை நாலாகப் பிரித்து நட்டுவிட்டுப் போகும்.

வெளிநாட்டில் இது முறையான போட்டி. உலக உழவுப் போட்டி 1953இல் கனடாவின் கோபர்க்கில் தொடங்கியது; வென்றவருக்குத் தங்கக் கலப்பை. முதல் சால், நடு முதுகு, நேர்த்தி, புல் மூடிய விதம், கடைசிச் சால் என்று தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். யார் சீக்கிரம் முடித்தார் என்பதற்குப் பரிசு இல்லை.

எந்த வண்டியைத் தேடுவது?

படங்களில் பார்க்கும் வெளிநாட்டு வண்டிகள் மேல் ஆசை வருவது இயல்புதான். இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் ரான்சம்ஸ் கம்பெனி 1936இல் கொண்டுவந்த எம்.ஜி. என்ற குட்டிச் சங்கிலி டிராக்டர், அமெரிக்காவின் இரண்டு சக்கர கிரேவ்லி, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961 வாக்கில் விற்கத் தொடங்கிய கப் கேடட் எல்லாம் அழகான வண்டிகள். அவற்றை இங்கே தேடி அலைய வேண்டாம். கிடைத்தாலும் ஒரு கியர் பல் உடைந்தால் கண்காட்சிப் பொருள்தான்.

நம் பக்கம் கைக்கு எட்டுவது பவர் டில்லர். பெங்களூரு வி.எஸ்.டி. 1967இல் தொடங்கி மிட்சுபிஷி நுட்பத்தில் செய்த வண்டிகளும், கேரளத்து அத்தாணியில் காம்கோ செய்த குபோட்டா வகை 12 எச்.பி. வண்டியும் பழைய கொட்டகைகளில் இன்னும் நிற்கின்றன. நான்கு சக்கரம்தான் வேண்டுமென்றால் வி.எஸ்.டி.யின் எம்.டி. 180டி, மூன்று சிலிண்டர், 18.5 எச்.பி. 1959இல் ஃபரீதாபாத்தில் தொடங்கிய ஐஷர் வழிவந்த ஒற்றைச் சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி டிராக்டரின் தட்-தட் சத்தத்துக்கு மயங்காதவர் குறைவு. ஆனால் பத்து சென்ட்டில் அது திரும்புவதற்கே பாதி நிலம் போய்விடும். முதல் வண்டிக்கு 12 அல்லது 13 எச்.பி. டீசல் டில்லரே போதும்.

வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

விற்பவர் முன்னதாகவே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால், ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பச்சை எஞ்சினில்தான் உண்மை தெரியும். கம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல் ஹேண்டிலை மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் கை கனத்து நின்று திருப்பி உதைக்க வேண்டும். வழுவழுவென்று சுற்றினால் ரிங் அல்லது வால்வு போயிருக்கிறது. புகை நீலமாக நீடித்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை நாசில், ஏர் ஃபில்டர் சங்கதி; அது சின்னச் செலவு. கியர் ஆயிலை ஒரு குச்சியில் தொட்டுப் பாருங்கள்: மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, சேற்றுக் கழனியில் ஓடிய டில்லரில் ஆக்ஸில் சீல் தேய்ந்து இது நடக்கும். இரண்டு கைப்பிடியிலும் உள்ள திருப்பும் கிளட்ச்சைத் தனித்தனியாகப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் விடாமல் இழுத்தால் நேர்ச்சால் என்ற பேச்சே இல்லை.

டிராக்டர் என்றால் ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் துணியால் துடைத்து நேரில் படியுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பதிவு ஆகி 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

12 எச்.பி. ஒரு கலப்பையை இழுக்குமா?

தாராளமாக. இங்கே தட்டுப்பாடு சக்திக்கு அல்ல, பிடிப்புக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

பதமான செம்மண்ணை அறுக்க ஒரு சதுர செ.மீ.க்கு 0.3 முதல் 0.4 கிலோ இழுவை வேண்டும். களிமண்ணில் இரண்டு மடங்கு வரை போகும். 10 அங்குல அகலக் கலப்பையை 5 அங்குல ஆழத்தில் விட்டால் வெட்டு ஏறத்தாழ 25 × 12 செ.மீ., அதாவது 300 சதுர செ.மீ. இழுவை 120 கிலோ. மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் இதற்குத் தேவை ஒன்றரை எச்.பி.கூட இல்லை. கியரிலும் சக்கரத்திலும் போகிற நஷ்டத்தைச் சேர்த்தாலும் மூன்று.

ஆனால் ரப்பர் டயர் மண்ணில் தன் மேல் இருக்கும் எடையில் 40, 50 சதவீதத்தைத்தான் இழுவையாக மாற்றும். 120 கிலோ இழுக்க, ஓட்டும் சக்கரங்கள் மேல் 240 முதல் 300 கிலோ உட்கார்ந்திருக்க வேண்டும். மண் கொத்தும் ரோட்டரியைக் கழற்றிய டில்லரில் அது கிடைப்பது கஷ்டம். அதனால் டில்லருக்கு 7 அங்குலக் கலப்பை பொருத்தம்: 18 × 12 செ.மீ. வெட்டு, 86 கிலோ இழுவை. 10 அங்குலம் நான்கு சக்கர வண்டிக்கு.

எடை ஏற்றுவது எப்படி?

முதலில் டயருக்குள் தண்ணீர். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி, வண்டியை ஜாக்கியில் தூக்கி, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் டயர் நிறையும். மீதியில் காற்று. டில்லரின் 6.00-12 டயரில் 15 லிட்டர் வாக்கில் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ. குளிர்நாடுகளில் உறைந்துபோகும் என்று கால்சியம் குளோரைடு கலப்பார்கள், அது ரிம்மை அரிக்கும். வேலூரில் அந்தக் கவலை எதற்கு? போர் தண்ணீரே போதும்.

அடுத்தது சக்கரத்தில் போல்ட் போடும் எடை. ஓர் அடி விட்டம், 4 அங்குலக் கனத்தில் கான்கிரீட் வட்டு வார்த்தால் 18 கிலோ வரும். நடுவில் போல்ட் துளைகளுக்குக் குழாய்த் துண்டு வைத்து வார்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். கேஜ் வீல் என்ற இரும்புக் கம்பிச் சக்கரம் சேற்றுக்கு நல்லது. காய்ந்த கொல்லையில் அது சால் சுவரை உடைத்து, போட்ட வேலையைக் கெடுக்கும்.

கலப்பைக்கு எங்கே போவது?

பழைய இரும்புக் கடைக்கு. மாடு பூட்டி ஓட்டிய இரும்புக் கலப்பைகள் எடைக்குப் போட்டுக் கிடக்கும். பலகையில் ஓட்டை, விரிசல் இல்லாமலும், வளைவு நெளியாமலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணை அறுக்கும் முனையான கொழு தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம், அது தேயத்தான் இருக்கிறது. கைப்பிடியை அறுத்துவிட்டு, ஏர்க்காலை டில்லரின் பின் கொக்கிக்கு ஏற்ப வெட்டி, 12 மி.மீ. தகட்டில் இரண்டு துளை உள்ள தாடை ஒன்று லேத்தில் செய்து வாங்கலாம். மேல் துளையை வில் வடிவமாக நீட்டி வெட்டச் சொன்னால் கொழுவின் சாய்வை மாற்றும் வசதி கிடைக்கும். இந்த ஒரு வசதி இல்லாத கலப்பையோடு மல்லுக்கட்டி ஓய்ந்தவர்கள் பலர்.

புதுக் கொழுவை லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் பட்டறையில் அடித்துத் தருவார்கள். முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கச் சொல்லுங்கள். முழுப் பட்டையையும் தண்ணீரில் தோய்த்தால் முதல் கல்லிலேயே தெறிக்கும், நம் கொல்லையில் கல்லுக்குப் பஞ்சமா?

கலப்பையை எப்படி செட் செய்வது?

உழவின் முக்கால் பங்கு கொட்டகையிலேயே முடிகிற வேலை இது. சிமென்ட் தரையில் செய்யுங்கள்.

உழும்போது வலச் சக்கரம் முந்தைய சாலுக்குள் ஓடும், இடச் சக்கரம் உழாத மண்மேல் ஓடும். வண்டி வலப்பக்கம் சாய்ந்தே போகும். அந்தச் சாய்வைத் தரையிலேயே உண்டாக்க வேண்டும். 5 அங்குல ஆழம் உழப் போகிறீர்கள் என்றால், 5 அங்குலக் கனமுள்ள கட்டையை இடப்பக்கச் சக்கரங்களுக்கு அடியில் வையுங்கள். இப்போது சிமென்ட் தரைதான் சாலின் அடி. கலப்பையை இறக்கி, பின்னால் குனிந்து பாருங்கள். கொழுவின் வெட்டும் விளிம்பு முழுதும் தரையில் படிய வேண்டும். சால் சுவரில் உரசி ஓடும் பக்கத் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு ஓரம் தூக்கினால், டிராக்டரில் கலப்பையைத் தூக்கும் வலப்பக்கக் கம்பியான லிஃப்ட் ராடைத் திருகிச் சரி செய்யுங்கள்.

பிறகு முன்பின் சாய்வு. பக்கத் தகட்டின் வால் தரையிலிருந்து ஒரு விரல் கனம், 12 மி.மீ. அளவு, தூக்கி நிற்கும்வரை, கலப்பையின் மேல்பக்கத்தை டிராக்டரோடு இணைக்கும் திருகுக் கம்பியான டாப் லிங்க்கைச் சுருக்குங்கள். கொழு மூக்கு மண்ணைத் தேடி இறங்குவது இந்தச் சாய்வால்தான். கூடினால் கலப்பை குத்திக்கொண்டு இறங்கும், குறைந்தால் சறுக்கும்.

அடுத்தது அகலம். வலப் பின் டயரின் உட்பக்கத்திலிருந்து பக்கத் தகடு வரை டேப் வைத்து அளங்கள். அது கலப்பையின் வெட்டு அகலத்துக்குச் சமமாக, 10 அங்குலக் கலப்பைக்கு 10 அங்குலமாக, இருக்க வேண்டும். 12 இருந்தால் நடுவில் இரண்டு அங்குலம் அறுபடாமல் நிற்கும். மேலே மண் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, கம்பியால் குத்தினால் தெரியும்.

கலப்பைக்கு முன்னால் வெட்டு வட்டு இருந்தால், அது பக்கத் தகட்டின் கோட்டைவிட அரை அங்குலம் இடப்பக்கம் ஓடட்டும். ஆழம் 3 அங்குலம் போதும். சுவர் கத்தியால் வெட்டிய கேக் போல நிற்பதற்கு இந்த வட்டுதான் காரணம்.

ஆழம் எவ்வளவு என்று கேட்டால், அகலத்தில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு. அதற்குமேல் போனால் மண் பட்டை கவிழாமல் செங்குத்தாக நின்றுவிடும். ‘அகல உழுவதை ஆழ உழு’ என்ற பழமொழி மரக்கலப்பைக் காலத்துப் பேச்சு. புரட்டும் கலப்பைக்கு அகலமும் ஆழமும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

மண் பதமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேல் மண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். மண்வெட்டியால் 5 அங்குலம் தோண்டி அடிமண்ணில் ஒரு பிடி எடுங்கள். கொழுக்கட்டை பிடிப்பது போல இறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். விழுந்ததும் நாலைந்தாக உதிர்ந்தால் பதம். உருண்டை அப்படியே தட்டையானால் ஈரம் அதிகம். கையில் பிடியே நிற்காவிட்டால் காய்ந்துவிட்டது.

மணல் கலந்த செம்மண் கொல்லையில் நல்ல மழைக்குப் பின் இரண்டு மூன்று நாளில் பதம் வரும், அதேபோல் இரண்டு மூன்று நாளில் ஓடியும் போகும். ஏரிப் பாசனக் களிக் கழனியில் ஒரு வாரம்கூட ஆகும். செம்மண் காய்ந்தால் கல். அதில் கொழு விட்டால் பாளம் பாளமாகப் பெயரும், கொழு மூக்கு ஒரே நாளில் மழுங்கும். ஈரத்தில் உழுதால் அதைவிட மோசம்: சக்கரம் அமுக்கிய இடம் அடுத்த மழைவரை செங்கல்லாகவே கிடக்கும்.

சித்திரை, வைகாசியில் விழும் கோடை மழைதான் இந்தப் பொழுதுபோக்குக்கு ஏற்ற காலம். மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கும் முன் கொல்லை சும்மா கிடக்கும்.

முதல் சாலை எப்படி எடுப்பது? எந்தப் பக்கம் சுற்றுவது?

நிலத்தின் இரு முனையிலும் திரும்புவதற்கு டில்லருக்கு 8 அடி, சின்ன டிராக்டருக்கு 12 அடி விட்டுவிட்டு ஒரு கோடு போடுங்கள். கலப்பை இறங்குவதும் தூக்குவதும் அந்தக் கோட்டில்தான்.

நடுவில் மூன்று முளை: இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, இடையில் ஒன்று. வெள்ளைத் துணி கட்டுங்கள். ஓட்டும்போது கண் கலப்பைமேல் இருக்கக் கூடாது. மூன்று முளையும் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து ஒரே முளையாகத் தெரிய வேண்டும். திரும்பிப் பார்த்த இடத்தில் எல்லாம் சால் வளைந்திருக்கும், சந்தேகம் இருந்தால் முடித்ததும் பாருங்கள்.

முதல் ஓட்டத்தில் வலச் சக்கரத்துக்கு இறங்கச் சால் இல்லை, வண்டி மட்டமாக நிற்கும். அதனால் கொட்டகையில் வைத்த சாய்வு இங்கே பொருந்தாது. லிஃப்ட் ராடை மாற்றி, 3 அங்குல ஆழத்தில் மேலோட்டமாக ஒரு சால் போடுங்கள். எதிர்த்திசையில் திரும்பி வந்து அதன் மறுபக்கம் இன்னொன்று. நடுவில் புல் தெரியாமல் மண் அறுபட்டிருக்க வேண்டும். பிறகு இந்த இரண்டு சால் மண்ணையும் உள்ளே சேர்த்துப் போட்டால் நடுவில் ஒரு முதுகு எழும். அது பக்கத்து மண்ணைவிட அதிகம் உயர்ந்தால் கடைசிவரை உழவு மேடு தட்டியே போகும்.

அதன்பின் கலப்பையைச் சாய்வுக்குத் திருப்பி, முதுகைச் சுற்றி வலப்பக்கமாகவே, கடிகார முள் திசையில், திரும்புங்கள். மண் வலப்பக்கம் விழுவதால் உழுத நிலம் எப்போதும் உங்கள் வலது கையில் இருக்கும். முனையில் அவசரப்பட்டு இடப்பக்கம் திரும்பினால் மண் எதிர்த்திசையில் விழுந்து நடுவில் ஒரு வெட்டுச் சால் பள்ளமாக நிற்கும். அடுத்த வருடம் பள்ளம் விழுந்த இடத்தில் முதுகை எடுங்கள். வருடா வருடம் ஒரே இடத்தில் தொடங்கினால் மண் நடுவில் வந்து சேர்ந்து மேடாகி, வரப்போரம் தண்ணீர் தேங்கும்.

இருபது சென்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 10 அங்குலக் கலப்பை ஒரு சென்ட்டுக்கு 523 அடி ஓட வேண்டும். இருபது சென்ட்டுக்கு 3.2 கி.மீ. மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓட்டம் மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். திரும்புவது, முளை பிடுங்குவது, கல் எடுப்பது சேர்த்தால் இரண்டு மணி. 7 அங்குலக் கலப்பை மாட்டிய டில்லர் பின்னால் நடக்கிறவருக்கு நாலரை கி.மீ. உழுத மண்ணில் நடை. முதல் தடவை ஐந்து சென்ட்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

கலப்பை மண்ணில் இறங்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பெரும்பாலும் கொழு மழுங்கி, அடிப்பக்கம் உருண்டிருக்கும். பட்டறைக்குக் கொடுத்து அடித்து வாங்குங்கள். கொழு நன்றாக இருந்தால் டாப் லிங்க்கை அரைச் சுற்று சுருக்கிப் பாருங்கள். கலப்பைமேல் கல் வைத்து அழுத்துவது தவறான வைத்தியம்: அது இறங்கும், ஆனால் ஏறி இறங்கி அலை அலையாக உழும்.

பலகையில் மண் ஒட்டிக்கொண்டு புரளவில்லையே?

துருதான் காரணம். கண்ணாடிபோல் மின்னும் பலகையில்தான் மண் வழுக்கும். அரத்தாளும் கிரைண்டரும் கொஞ்சம் உதவும். மெருகு ஏறுவது மணலில்தான். ஆறிருந்தும் நீரில்லை என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். பாலாற்றை ஒட்டிய மணல் கொல்லையில் நான்கு சால் ஓட்டிப் பாருங்கள், பலகை முகம் பார்க்கிற மாதிரி வரும். களிமண்ணில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் ஒட்டுவது குறையும்.

வண்டி ஒரு பக்கமே இழுக்கிறது, சால் வளைகிறது.

முதலில் இரண்டு டயரின் காற்று. பிறகு கலப்பை பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினின் தளர்வு. அதுவும் சரியென்றால் டயருக்கும் பக்கத் தகட்டுக்கும் உள்ள தூரத்தை மறுபடி அளங்கள். பக்கத் தகடே தேய்ந்து மெலிந்திருந்தால் சுவரில் சாய்ந்து நிற்க ஒன்றுமில்லாமல் கலப்பை இடப்பக்கம் ஒதுங்கும். பலர் கொழுவை மாற்றுவார்கள், பக்கத் தகட்டை மறந்துவிடுவார்கள்.

கத்திரி வெயிலில் எஞ்சின் தாங்குமா?

காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள், எஞ்சினுக்கும் உங்களுக்கும் நல்லது. காற்றுக் குளிர்ச்சி எஞ்சினில் சிலிண்டர் இதழ்களுக்கு நடுவே வைக்கோல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்திருக்கும். மூடித் தகட்டைக் கழற்றித் துலக்காமல் கோடையில் ஓட்டாதீர்கள். பழைய பெட்ரோல் எஞ்சினில் எத்தனால் கலந்த பெட்ரோலை டேங்க்கில் மாதக்கணக்கில் விடக் கூடாது. ரப்பர் வாஷர்கள் ஊதும், தண்ணீர் பிரிந்து கார்புரேட்டர் அடியில் துருப் பிடிக்கும். வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயின் திருகை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

உதிரி பாகம் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், அளவு சொல்லிக் கேளுங்கள். பேரிங்கில் 6205 என்று பொறித்திருந்தால் அது உலகம் முழுவதும் 25 × 52 × 15 மி.மீ.தான். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம். பெல்ட்டுக்கு அதன் மேல் அச்சடித்த எழுத்தும் எண்ணும். கழற்றியதும் அளந்து, வண்டிக்கென்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

எதில் கை கால் போகும்?

டில்லரில் ரிவர்ஸ்தான் எமன். பின்னால் சுவரோ தென்னை மரமோ இருக்கையில் ரிவர்ஸ் போட்டால் கைப்பிடி எழும்பி உங்களை மரத்தோடு அழுத்தும். கிளட்ச்சை எட்ட முடியாது. டிராக்டரில் சங்கிலியை ஆக்ஸிலுக்கு மேலே கட்டி எதையும் இழுக்காதீர்கள், முன் சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கம் கவிழும். வேட்டி, துண்டு, லூசான புடவைத் தலைப்பு எதுவும் பெல்ட் பக்கம் வேண்டாம். உழுவதற்கு முன் சொட்டுநீர்க் குழாயும் போர் லைனும் எந்த ஆழத்தில் போகின்றன என்று முளை அடித்துக் குறியுங்கள். மழைக்குப் பின் வரப்பு ஓரத்தில் பாம்பு இருக்கும், பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம்.

முடித்த பிறகு கலப்பையை எப்படி வைப்பது?

மண்ணைக் கட்டையால் சுரண்டுங்கள், இரும்பால் அல்ல. ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்ததும் பலகை, கொழு, பக்கத் தகடு மூன்றிலும் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவுங்கள். ஐப்பசி மழைக் காற்றில் ஒரே ராத்திரி போதும், பாலாற்று மணலில் ஏற்றிய மெருகு போய்விடும். கலப்பையைத் தரையில் போடாமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.